ஒத்தாள் மிஷினும் ரெண்டாள் மிஷினும்

சர்க்கார் ஏலத்தில் விடுகிற காட்டுத் துண்டுக்குக் கூப்பு என்று பெயர். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூப்பில் ஆட்களை எண்ண மாட்டார்கள், ரம்பத்தைத்தான் எண்ணுவார்கள். "இன்னிக்கு எத்தினி ரம்பம் வந்துகீது?" என்று காண்டிராக்டர் வேதகிரி கேட்டால், "அஞ்சு ரம்பம் மொதலாளி" என்று பதில் வரும். அஞ்சு ரம்பம் என்றால் பத்துப் பேர். அறுபத்து மூன்றாம் வருடம் அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆம்பிளைகள். பத்தாவது ஆள் அம்முலு, எல்லப்பனின் பெண்டாட்டி.

மற்றப் பெண்களும் கூப்புக்கு வருவார்கள். கிளை கழிப்பார்கள், விறகு கட்டுவார்கள், கட்டை அடுக்குவார்கள். ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவள் அம்முலு ஒருத்திதான். அவள் அங்கே வந்து சேர்ந்ததில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. எல்லப்பனோடு ஜோடியாக இழுத்துக்கொண்டிருந்த அவன் தம்பி, சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். மறுநாள் காலை எல்லப்பன் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தபோது, அம்முலு சேலையை வரிந்து செருகிக்கொண்டு, "நட, நா இஸ்கிறேன்" என்றாள். முதல் நாள் கூப்பே சிரித்தது. இரண்டாம் நாளும் சிரித்தது. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மற்ற ரம்பங்கள் மும்மூன்று மரம் சாய்த்திருக்க, இந்த ரம்பம் நாலு சாய்த்திருந்தது. அதற்குப் பிறகு சிரித்தவர்கள் வேறு வேலையைப் பார்த்தார்கள். இது நடந்து ஏழு வருடம் ஆகிவிட்டது.

ரெண்டாள் ரம்பத்தில் ஒரு சங்கதி உண்டு. அதை இழுக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர விட்டுவிட வேண்டும். தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். இப்படி ஒருவர் இழுப்புக்கு ஒருவர் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, நாளாவட்டத்தில் எதிர்முனை ஆள் எப்படி இருக்கிறார் என்பது கைக்கே தெரிந்துவிடும். சரியாகச் சாப்பிடவில்லையா, மனசில் ஏதாவது கோபமா, எல்லாம் தகடு வழியாக வந்து சேரும்.

அதனால்தானோ என்னவோ, கூப்பில் யாரும் தன் ஜோடியைப் பார்த்து "களைச்சிட்டியா?" என்று வாயால் கேட்க மாட்டார்கள். கேட்டால் "ரம்பத்தைக் கீழே வை" என்று சொன்னதாகத்தான் அர்த்தம். கேட்கப்பட்டவன் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போவான். ரோஷக்காரனாக இருந்தால் அந்த ஜோடியையே விட்டுவிடுவான். ஜோடி தளர்கிறது என்று கைக்குத் தெரிந்தால், நம் இழுப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் மரியாதை. எந்தப் புண்ணியவான் உண்டாக்கிய மரியாதையோ! என்னைக் கேட்டால் அதைப் போல ஒரு முட்டாள்தனம் கிடையாது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

போன ஐப்பசியில் அம்முலு எட்டு நாள் ஜுரத்தில் படுத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் எழுந்து ரம்பத்தைப் பிடித்தபோது, அவள் பக்கத்து இழுப்பு பஞ்சாக வந்தது. எல்லப்பனின் கை அதை உடனே கண்டுகொண்டது. அவன் குறைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தான். சரியாகவில்லை. கார்த்திகை பிறந்தும் அவள் இழுப்பு ஏறவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் குறைத்தான். மார்கழியில் அவள் அதற்கும் கீழே இறங்கினாள். அவனும் இறங்கினான். நாலு மரம் மூன்றாகி, அந்த மூன்றும் இழுபறி ஆயிற்று. பாதி அறுத்த மூன்றாவது மரத்தைக் கடைசி வெளிச்சத்தில் எப்படியோ சாய்த்துவிட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பார்கள்.

எல்லப்பன், உள்ளே ஏதோ பெரிய வியாதி இருந்து அவளைத் தின்கிறது என்று நினைத்தான். கேட்கவும் முடியவில்லை. கேட்டால் அவள் ரம்பத்தை வைத்துவிடுவாள். ரம்பத்தை வைத்துவிட்டால் அவளுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? யாருடைய கழனியிலோ குனிந்து களை பிடுங்கத்தான் போக வேண்டும். ஆம்பிளைகள் நடுவில் அவள் நிமிர்ந்து நின்ற இடம் அந்த மறுமுனை ஒன்றுதான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தை மாதம் வேதகிரி வந்து மரங்களைப் பார்த்தார். பங்குனியோடு கெடு முடிகிறது. மீதியிருந்த மரமெல்லாம் உசிலை, வயிரம் பாய்ந்தது, கோடாலி பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். அவர் எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லப்பா, உன் ரம்பமே படுத்துக்கிச்சின்னா மத்தவன இன்னா சொல்றது? மிஷின் ரம்பம் ஒண்ணு வாங்கப் போறேன். புச்சு வாங்க நம்மால ஆவாது. பழசு ரெண்டு கீதாம், காஞ்சிபுரத்து பாண்டுரங்கன் எட்த்துக்கினு வரேன்னு சொல்லிகீறான். எனக்கு ஏலம் தெரியும், மரத்த அளக்கத் தெரியும், அறுக்கத் தெரியாது. நீ அறுத்துப் பாத்து எத்த சொல்றியோ அத்த வாங்கிடறேன். வாங்கினா நீதான் ஓட்டணும்."

"செரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தான் எல்லப்பன். மிஷின் ரம்பம் என்றால் எப்படி இருக்கும் என்பது கூட அவனுக்குத் தெரியாது.

புதன்கிழமை நாஷ்டா நேரம் தாண்டி, பாண்டுரங்கன் ஒரு லொடலொட வேனில் வந்து இறங்கினான். ராணுவ ஏலத்திலும் எஸ்டேட் ஏலத்திலும் பழைய சாமான் எடுத்து ரிப்பேர் செய்து விற்கிறவன். கையில் எப்போதும் ஒரு கரித்துணி வைத்திருப்பான், வாய் ஓயாது. வேனிலிருந்து இரண்டு மிஷின்களை இறக்கி மண்ணில் வைத்தான்.

ஒன்று பெரியது. பட்டாளத்துப் பச்சைச் சாயம் அடித்தது. ஒரு முனையில் இஞ்சின், அதிலிருந்து நாலரை அடிக்கு ஒரு தகடு, தகட்டைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. தகட்டின் மறுகோடியில் ஒரு கைப்பிடி. அதைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மற்றது சின்னது, மலைமேல் ஏதோ டீ எஸ்டேட்டில் உழைத்துவிட்டு வந்தது. சிவப்புச் சாயம் பாதி உதிர்ந்துபோயிருந்தது. தகடு இரண்டடி. ஒரே ஆள் தூக்கி ஒரே ஆள் அறுக்கலாம்.

எல்லப்பன் பெரியதைப் பார்த்தான். மறுகோடிக் கைப்பிடியைப் பார்த்தான். சின்னதைப் பார்த்தான். பிறகு தள்ளி நின்றிருந்த அம்முலுவைப் பார்த்தான். அவளும் அந்த மறுகோடிக் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது நல்லதுய்யா?" என்று பாண்டுரங்கனைக் கேட்டான்.

"ரெண்டும் நல்லதுதான். பெருசு யானைன்னு வச்சிக்க. சின்னது குதுர. யான வாணும்னா யானய வாங்கு, குதுர வாணும்னா குதுரய வாங்கு."

"எனக்கு மரம் அறுக்கணும்யா."

"ரெண்டும் அறுக்கும்."

இப்படிப் பதில் சொல்கிறவனிடம் என்ன கேட்க முடியும்? இதற்குள் மற்ற ரம்பக்காரர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் சின்னப்பையன் என்பவனுக்கு ஐம்பது வயசு. பெயரை நம்பி ஏமாறக் கூடாது. பெருநகரில் ஆயில் இஞ்சின் பக்கத்தில் இரண்டு வருடம் காவல் படுத்திருந்தவன், ஆகையால் உலகத்து இஞ்சின்களெல்லாம் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு அவனுக்கு உண்டு. பாண்டுரங்கன் பெரிய மிஷினின் கயிற்றைப் பதினோரு தடவை இழுத்து, பன்னிரண்டாம் தடவை அது நீலப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியதும், சின்னப்பையன் கையைத் தட்டினான்.

"பொக வருது பாரு! நெஞ்சு கெட்டுப் போச்சு. இது வாணாம் எல்லப்பா."

"யோவ், இதுல பெட்ரோலோட ஆயிலக் கலக்கி ஊத்தணும்யா. பொக வந்தாத்தான் நல்லது" என்றான் பாண்டுரங்கன்.

"பொக வந்தா நல்லதா? ஆயில் இஞ்சின்ல பொக வந்தா மெக்கானிக்கக் கூப்புடுவான்."

"அது வேற இஞ்சின், இது வேற இஞ்சின்."

எல்லப்பனுக்குத் தலை சுற்றியது. புகை வந்தால் நல்லதா கெட்டதா, பன்னிரண்டு தடவை இழுத்தது இஞ்சின் குற்றமா இழுத்தவன் குற்றமா, ஒன்றும் புரியவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டான். தூளைப் பார்ப்பது என்று முடிவு செய்தான். எந்த ரம்பமானாலும் பல் கூராக இருந்தால் தூள் சீவல் சீவலாக விழும். மழுங்கியிருந்தால் மாவாகக் கொட்டும். இஞ்சினைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் தூள் பொய் சொல்லாது.

முதலில் பெரியது. அவன் இஞ்சின் பக்கம், அம்முலு மறுகோடி. முழங்கால் உயரத்தில் ஒரு உசிலையில் வைத்தார்கள். சங்கிலி கத்திக்கொண்டு உள்ளே இறங்கியது. வெளியே வந்து விழுந்ததெல்லாம் நல்ல சீவல். வயிரத்தைத் தொட்டபோதும் சத்தம் கொஞ்சம் கனத்ததே தவிர மிஷின் நிற்கவில்லை. மரத்துக்கு ஏற்ற மிஷின் இதுதான் என்று அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அவன் கைக்கு அம்முலு தெரியவில்லை. இழுப்பும் இல்லை, தளர்வும் இல்லை, மிஷினின் உதறல் மட்டும்தான் தோள்வரை ஏறிற்று. ஏழு வருடத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அவன் அறுத்தது இதுதான் முதல் தடவை. பயந்துபோய்க் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். அம்முலு பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் வெளிறி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை அவன் தொண்டையில் அடித்து, அவன் இருமினான். மரம் சாய்ந்தது. மிஷினை இருவரும் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது அம்முலு ஒரு கொடியில் கால் தட்டி முழங்கால் மடங்கினாள். உடனே எழுந்துவிட்டாள். எல்லப்பனின் கண்ணுக்கு அந்த மடங்கிய முழங்கால் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்து சின்னது. அவன் தனியாகப் பிடித்தான். கனமில்லை, கைக்கு அடக்கமாக இருந்தது, மூன்றாம் இழுப்பிலேயே கிளம்பியது. சுற்றி நின்றவர்கள் "அட!" என்றார்கள். பட்டையை வெட்டிக்கொண்டு ஜோராகப் போயிற்று. வயிரத்தில் மூக்கை வைத்ததும் மூச்சுத் திணறியது. தூள் மாவாகக் கொட்டியது. பாதி மரத்தில் உறுமிவிட்டு நின்றது. திரும்பக் கயிற்றை இழுத்தான். சூடு ஏறிப்போய்க் கிளம்ப மாட்டேன் என்றது.

"பல்லு மொக்கையாக்கீது, அவ்ளோதான். அரத்த வச்சி ராவினா சொன்னபடி கேக்கும். சூடு ஆறட்டும்" என்றான் பாண்டுரங்கன். அது பொய்யுமில்லை, முழு நிஜமுமில்லை. கூர் போட்டால் அறுக்கும், ஆனால் பெரியதைப் போல உசிலையைத் தின்னாது. மரத்துக்கு மரம் நின்று நின்று ஆறவிட வேண்டியிருக்கும்.

வேதகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு எல்லப்பா, எது?" என்றார்.

எல்லப்பன் இரண்டு மிஷின்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மறுபடியும் சுற்றினான். மரத்தைக் கேட்டால் பெரியது என்றது. அம்முலுவின் இடத்தை நினைத்தாலும் பெரியதுதான், அதில் ஒரு மறுகோடி இருக்கிறது. ஆனால் அம்முலுவின் உடம்பை நினைத்தால்? கை ரம்பத்தையே இழுக்க முடியாமல் நாளுக்கு நாள் கரைகிறவள், இந்த இரும்புப் பூதத்தை மரத்துக்கு மரம் சுமந்தால் பங்குனி வரை தாங்குவாளா? சின்னதை வாங்கினால் அவள் பிழைப்பாள், ஆனால் அவள் இடம் போய்விடும். பெரியதை வாங்கினால் இடம் இருக்கும், அவள் இருப்பாளா என்பது தெரியாது. பெரியது என்று சொல்ல வாயைத் திறந்தான், மூடினான். சின்னது என்று சொல்ல வாயைத் திறந்தான், அதையும் மூடினான்.

"இன்னாய்யா இது, ரோதனயாக்கீது" என்றார் வேதகிரி. அவன் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று கண்டு, தண்ணீர்ப் பானையண்டை நின்றிருந்த அம்முலுவிடம் போனார். என்னவோ கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னாள். எல்லப்பனுக்குக் காதில் விழவில்லை. அவர் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "சின்னதே வாங்கிடுங்க மொதலாளி" என்றான்.

"பாத்தியா! அம்முலுவும் அத்தயேதான் சொல்லிச்சு. ஒத்தாள் மிஷினே போதும்னிச்சு. ரெண்டு பேர் வாயும் ஒண்ணா பேசுது, அப்புறம் இன்னா யோசன?"

எல்லப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளே சொல்லிவிட்டாள் என்றால், முடியவில்லை என்பதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதானே பொருள்? நல்லவேளை, சரியானதைத்தான் சொன்னோம் என்று ஒரு மனசு ஆறுதல்பட்டது. இன்னொரு மனசு, ஏழு வருடத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாயே பாவி என்று திட்டியது.

பேரம் பேசி முடித்து, பெரியதை வேனில் ஏற்றிக்கொண்டு பாண்டுரங்கன் போய்விட்டான். அப்புறம்தான் வேதகிரி அந்தப் பாதி மரத்தைக் கவனித்தார். சின்ன மிஷின் நின்றுபோன உசிலை வண்டிப்பாட்டையை ஒட்டினாற்போல நின்றுகொண்டிருந்தது. பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. காற்று அடித்தால் கீழே போகிற வண்டியின் மேல் விழும்.

"மிஷின் ஆறட்டும், பல்லு ராவணும். எல்லப்பா, இத்த ஒண்ண மட்டும் கை ரம்பத்துல முட்ச்சிடுங்க. நாளைலேந்து நீ மட்டும் வந்தா போதும்" என்றார்.

இதுதான் கடைசி மரம் என்று இருவருக்கும் தெரிந்தது. அவன் இந்தப் பக்கம் குந்தினான், அவள் அந்தப் பக்கம். எல்லப்பன் மனசுக்குள் ஒன்று தீர்மானம் செய்துகொண்டான். இந்த ஒரு மரத்துக்காவது அவளைக் கஷ்டப்படுத்தக் கூடாது. நம் பலத்தையெல்லாம் போட்டு இழுத்துவிட்டால், அவள் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும். இந்த எண்ணத்தோடு அவன் மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த இழுப்பை ஒரே மூச்சில் இழுத்தான்.

தகடு அவன் பக்கம் வந்தது. கையைத் தளர்த்தினான். அடுத்த கணம் ரம்பம் அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. எல்லப்பன் மரத்தில் முட்டிக்கொள்ளாமல் இருந்தது தெய்வச் செயல். ஒன்றும் புரியாமல் மறுபடி முழுப் பலத்தோடு இழுத்தான். மறுபடி அதே வேகத்தில் ரம்பம் அவனை விட்டு ஓடியது. பஞ்சும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், நாலு மரம் சாய்த்த அந்த மூன்றாம் நாள் அவள் இழுத்தாளே, அந்த இழுப்பு. வயிரத்திலிருந்து சீவல் இரண்டு பக்கமும் தெறித்தது. ஒரு பீடி பற்ற வைத்து முடிகிற நேரம் கூட ஆகவில்லை, மரம் முறிந்து பாட்டைக்கு இந்தப் பக்கமாக விழுந்தது.

இருவரும் அறுத்த கட்டையின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்தார்கள்.

"உனுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டான் எல்லப்பன்.

"எனுக்கு இன்னா? உனுக்குத்தானே முடியல?"

"எனுக்கா?"

"கார்த்திக மாசத்துலேந்து லொக்கு லொக்குன்னு இருமிக்கினு கீற. ரம்பம் உன் கையில தொவண்டு தொவண்டு வருது. நெஞ்சுல ஏதோ கீதுன்னு நானு கொறச்சிக்கினு கொறச்சிக்கினு வந்தேன். அந்தப் பெரிய மிஷின்ல பொக வேற. ஒன் மூச்சு தாங்காதுன்னுதான்யா மொதலாளியாண்ட சின்னதே போதும்னேன்."

"அது பீடி இருமல்மே! நீதான் ஜுரத்துல எந்திரிச்சதுலேந்து இஸ்கவே இல்ல. அதனால நானு கொறச்சேன்."

"ஜுரம் போயி மூணு மாசமாவுது. ரெண்டு நாளு முடியல, மூணாம் நாளு செரியாப் போச்சு. நீ கொறச்ச, அதனால நா கொறச்சேன்."

"நீ கொறச்ச, அதனாலதான் நா கொறச்சேன்."

யார் முதலில் குறைத்தது என்பது அன்றைக்கும் தீரவில்லை, பிறகும் தீரவில்லை. அவள் அவனுக்காகத் தளர்ந்தாள், அவன் அவளுக்காகத் தளர்ந்தான், இருவரும் சேர்ந்து மூன்று மாதம் ஒரு வியாதியும் இல்லாத வியாதியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். அம்முலு கட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் இடத்தை அவளே தன் வாயால் கொடுத்துவிட்டாள். அவனும் கொடுத்துவிட்டான்.

வேதகிரி விழுந்த மரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். குழப்பம் இப்போது அவர் முறைக்கு வந்திருந்தது.

"இவ்ளோ பெலத்த வச்சிக்கினு ஏன்யா மூணு மாசமா என்ன இந்தப் பேஜார்ல வுட்டீங்க? இப்டி அறுக்கறதா இருந்தா எனக்கு மிஷின் எதுக்கு? வேனு இந்நேரம் மெயின் ரோட்டுக்கே போயிருக்குமே!"

எல்லப்பன் சின்ன மிஷினைப் பார்த்தான். நாளையிலிருந்து அவன் அதை ஓட்டுபவன். கூப்பில் மற்ற எட்டு ஆம்பிளையும் அந்த வேலைக்கு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். பெட்ரோல் வாசனையோடு, மிஷின்காரன் என்ற பெயரோடு இருக்கலாம். அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னப்பையனின் காலடியில் வைத்தான்.

"இஞ்சின் தெரிஞ்ச ஆளு நீதான். நீயே ஓட்டு" என்றான். பிறகு வேதகிரியிடம், "மொதலாளி, வயிரத்துல தகடு மாட்டிக்காம இருக்க ஒரு ஆளு ஆப்பு அடிக்கணும். அவரு ஜோடி முருகேசன் அதுக்கு இருக்கட்டும். மிஷின் ஒரு பக்கம் அறுக்கட்டும், நாங்க ஒரு பக்கம் அறுக்கறோம். பங்குனிக்குள்ள முட்ச்சிடலாம்" என்றான்.

"மிஷின் வேல வாணான்றியா?"

"வாணாங்க."

அம்முலு அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். "யோவ், உனுக்கு இன்னா பைத்தியமா? அதுல நோவாம அறுக்கலாம்யா. அத்த போயி வுட்டுத் தரியே."

"நா ஒத்தையா நின்னுக்கினு யார்கூட அறுக்கறது?" என்றான் எல்லப்பன். அவ்வளவு பேர் முன்னால் அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னதுக்கே காது வரை சிவந்துபோனான்.

வேதகிரி கெடுவை யோசித்தார், மரங்களை யோசித்தார். தனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று கண்டுகொண்டு, "எப்டியோ போங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது அம்முலு, "அடுத்த வருசம் பெரிய மிஷினும் வாங்கிடுவாரு" என்றாள். "வாங்குவாரு" என்றான் எல்லப்பன்.

மறுநாள் காலை பனி இன்னும் விலகவில்லை. தூரத்தில் சின்னப்பையன் கயிற்றை இழுத்து இழுத்து மிஷினை வைதுகொண்டிருந்தான். எல்லப்பனும் அம்முலுவும் ஒரு பருத்த உசிலையின் இரண்டு பக்கமும் குந்தி, ரம்பத்தைப் பட்டையில் வைத்தார்கள். அம்முலு அவன் இழுப்புக்காகக் காத்திருந்தாள். அவன் இழுக்கவில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். கேட்டே விட்டான்.

"களச்சிட்டியாமே?"

அம்முலு ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து இஸ்ததுல தோளு ரெண்டும் போச்சுய்யா. கையத் தூக்க முடியல. மெள்ள இசு."

"எனுக்கும்தான்" என்றான் எல்லப்பன்.

அன்றைக்கு அந்த ரம்பம் இரண்டே மரம்தான் சாய்த்தது.